தீமிதிப்பும் பகுத்தறிவும்: தமிழகத்திலும் இலங்கையிலும்

ஈழத்துச் சமூகம் கந்தபுராணப் பண்பாட்டில் ஊறியது என்றும், பகுத்தறிவு அங்கு வேர்கொள்ளவே இல்லை என்றும் தமிழகத்துப் பகுத்தறிவாளர் சிலர் போகிறபோக்கில் கூறிச்செல்வதுண்டு. ஆறுமுக நாவலரின் சைவப்பணியை அறிந்தோர் இக்கூற்றின் முற்பகுதியை மறுக்கமாட்டார்கள். யாழ்ப்பாணத்தார் தம் பண்பாட்டுக்கு அப்பெயரைப் பெருமையுடனேயே வழங்கி வருகின்றனர். பிற்பகுதியோ இலங்கையில் நிகழ்ந்தவற்றை அறியாமையால் எழுந்தது.

நம்பிக்கையாளரும் மறுப்பாளரும் பொதுவெளியில் எதிர்ப்பட்ட களங்களுள் தீமிதிப்பு குறிப்பிடத்தக்கது. நேர்த்திக்கடனுக்காகக் கனல் பரப்பிய குழியில் வெறுங்காலுடன் நடக்கும் இவ்வழிபாடு தென்தமிழகத்தில் பூக்குழி இறங்குதல் என்றும், கொங்குநாட்டில் குண்டம் இறங்குதல் என்றும், மட்டக்களப்புப் பகுதியில் தீப்பள்ளயம் என்றும் வழங்குகிறது. பெரியார் வழிவந்த திராவிடர் கழகத்தார் இதற்கு விடைகூறத் தெருவையே தேர்ந்தனர். அவர்களுடைய மூடநம்பிக்கை ஒழிப்பு ஊர்வலங்களில் கருஞ்சட்டைத் தொண்டர்கள் எரியும் தீச்சட்டியைக் கையில் ஏந்திக் கடவுள் இல்லை என்று முழங்கிச் செல்வதும், முதுகில் அலகு குத்திக் கயிறு பூட்டிக் காரை இழுப்பதும் வழக்கம். பக்தியின்றியும் இவை கைகூடும் என்பதை ஊரறியக் காட்டுவதில் அவர்கள் அடைந்த வெற்றி சிறிதன்று.

ஆயினும் கால் ஏன் சுடவில்லை என்ற வினா அங்கு முழக்கத்தின் அடியில் அமுங்கிப்போக, இலங்கையிலோ அதுவே முதல் வினாவாயிற்று. கொழும்பு மருத்துவ பீடத்தின் உடலியங்கியல் அறிஞர் கார்லோ பொன்சேகா 1970களின் தொடக்கத்தில் தீமிதிப்பை ஆய்வுக்கு உட்படுத்தினார். விரதமும் மச்சம் தவிர்த்தலுமே அடியாரைக் காக்கின்றன என்ற நம்பிக்கையைச் சோதிப்பதற்காக, பன்றியிறைச்சி உண்டு மதுவருந்தியவர்களையும் கனலில் நடக்கச்செய்த அவர், பாதத்தோலின் தடிப்பும் கால் கனலில் படும் நேரத்தின் குறுக்கமுமே காரணம் என விளக்கினார்.

அவருக்கு முன்னோடியான ஆபிரகாம் கோவூர் கேரளத்துத் திருவல்லாவில் பிறந்தவராதலின் அவரை இந்தியக் கணக்கில் சேர்ப்பாரும் உளர். எனினும் 1928இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் கற்பித்து, 1978இல் மறையும்வரை அரை நூற்றாண்டு அந்நாட்டிலேயே வாழ்ந்தவரை இலங்கையர் எனக் கொள்வதே முறை. மோசடிக்கு இடமில்லாத நிலையில் அற்புத ஆற்றலை மெய்ப்பிப்பவர்க்கு ஒரு இலட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அவர் அறிவித்த பரிசை இறுதிவரை ஒருவரும் வென்றிலர். பேய்வீடு எனப்பட்ட இல்லங்களுக்கு அவர் தாமே சென்று, வீட்டாரை ஒவ்வொருவராக விசாரித்து, தொல்லைக்குப் பின்னால் இருந்த மனிதரைக் கண்டறிந்தார்.

கோயில் வாசலிலும் ஓர் ஒப்புமை உண்டு. 1924இல் வைக்கத்தில் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் பெரியார் சிறை சென்றது போலவே, 1968இல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுள் ஒடுக்கப்பட்டோர் நுழைவதற்காகத் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் போராடியபோது, கடவுளை ஏற்காத சண்முகதாசன் அணிக் கம்யூனிஸ்டுகளே அதற்குத் துணைநின்றனர்.

மறுப்பாளர் கொடுத்த விலை இரு நாடுகளிலும் பெரிது. மராட்டியத்தில் நரேந்திர தாபோல்கர் 2013இல் சுட்டுக்கொல்லப்பட்டார். கோயம்புத்தூரிலும் 2017இல் நாத்திகர் ஒருவர் கொலையுண்டார். பௌத்தத்துக்கு அரசியலமைப்பே முதன்மையிடம் வழங்கும் இலங்கையில், ஒரு சிறுகதைக்காக எழுத்தாளர் சக்திக சத்குமார 2019இல் மாதக்கணக்கில் விளக்கமறியலில் வைக்கப்பட்டார். கொலையினும் சிறை மேலானது என்று ஆறுதல் கொள்வது எந்நாட்டுக்கும் அழகன்று.

புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967இல் சட்ட ஏற்புப் பெற்ற தமிழகத்தைப்போல அரசையே அசைத்த பகுத்தறிவு இயக்கம் இலங்கையில் தோன்றவில்லை என்பது உண்மை. ஆயினும் இயக்கம் இன்மையைப் பகுத்தறிவு இன்மையாகக் கருதுவது தவறு. கனலில் நடந்தும் கால் சுடாமைக்குக் காரணம் தேடிய பணி தமிழரின் பகுத்தறிவு வரலாற்றிலும் இடம்பெறத் தக்கது.