தூக்கத்துக்கு மதிப்பெண்

தேர்வு வாரத்தில் நன்றாகத் தூங்கினால் கூடுதல் மதிப்பெண் உண்டு. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் உள்ள பெய்லர் பல்கலைக்கழகத்தில் உளவியலும் தூக்கமும் ஆராயும் மைக்கேல் ஸ்கலின் தம் மாணவர்களிடம் இப்படி ஒரு பேரம் பேசினார். ஐந்து இரவுகளின் சராசரி 8 மணி நேரத்தைத் தொட வேண்டும். வாய்ச்சொல் செல்லாது, மணிக்கட்டில் கட்டிய கருவி காட்டுவதே கணக்கு.

பேரத்துக்கு ஒப்புக்கொண்டவர்களில் பெரும்பாலானோர் தூங்கிக் காட்டினார்கள். இறுதித் தேர்விலும் அவர்கள் சறுக்கவில்லை, மற்றவர்களைவிட நன்றாகவே எழுதியிருந்தார்கள். விடிய விடியப் படித்தால்தான் தேற முடியும் என்று விடுதிக்கு விடுதி ஓதப்படும் வேதத்துக்கு இது நல்ல பதிலடி. தூக்கம் நல்லது என்று தெரியாத மாணவர் யார்? தெரிந்தும் தூங்காதவரைப் படுக்கைக்கு அனுப்ப உடனடியாகக் கைக்கு வரும் ஒரு லாபம் தேவைப்பட்டது. சுவரொட்டியும் கருத்தரங்கும் அந்த லாபத்தைத் தருவதில்லை.

ஆனால் பேரத்தில் சேர்ந்தவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். விருப்பம் இருந்தால் சேரலாம் என்றால், தூங்க முடிகிறவர்தானே முதலில் கைதூக்குவார்? இரவில் கடையில் வேலை பார்த்துவிட்டுப் படிக்கிற பிள்ளைக்குத் தூக்கமும் போச்சு, மதிப்பெண்ணும் போச்சு. கருவியும் குறையில்லாததல்ல. கையின் அசைவை வைத்துத்தான் அது தூக்கத்தை ஊகிக்கிறது. ஆடாமல் அசையாமல் படுத்து ஒருவர் படம் பார்த்தால், அதையும் தூக்கமாக எழுதிக்கொள்ளக் கூடும்.

பெரிய சிக்கல் காலக்கணக்கில் இருக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் வேதியியல் பாடம் படித்த சுமார் 100 மாணவர்களுக்கு ஃபிட்பிட் என்ற மணிக்கட்டுக் கருவியைக் கட்டிப் பருவம் முழுக்கக் கவனித்தார்கள். 2019-இல் வெளியான முடிவுப்படி, தேர்வுக்கு முந்தைய ஓர் இரவின் தூக்கத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு தென்படவில்லை. முந்தைய வாரம், முந்தைய மாதம் எப்படித் தூங்கினார்கள், தினமும் ஒரே அளவில் தூங்கினார்களா என்பதற்குத்தான் தொடர்பு இருந்தது. அப்படியானால் பருவம் முழுக்கத் தூக்கத்தைத் தொலைத்தவருக்குக் கடைசி வாரத்தில் பரிசு அறிவிப்பது தாமதமான வைத்தியம்.

இன்னொரு பக்கம் தண்டனை வழி. மாணவர்கள் இரவில் விழித்திருப்பதைத் தடுக்க, ஐ.ஐ.டி. மும்பை 2007-இல் விடுதிகளின் இணையத்தை இரவில் துண்டித்தது. இன்று கைபேசியிலேயே இணையம் இருக்கையில் அந்தப் பூட்டுக்குப் பொருளே இல்லை.

பரிசு, தண்டனை இரண்டுமே குற்றவாளி மாணவர்தான் என்று முன்கூட்டியே முடிவுகட்டிவிடுகின்றன. உடலின் கதை வேறு. பதின்ம வயதில் தூக்க நேரம் பின்னுக்கு நகர்ந்துகொண்டே போய், 20 வயதையொட்டி உச்சம் தொட்டு, பிறகுதான் மெல்ல முன்னே திரும்புகிறது. அந்த வயதினரைக் காலை 8 மணி வகுப்பில் உட்காரவைப்பது யார்?

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து நடந்து, 2023-இல் வெளியான ஆய்வு இதைத்தான் தொட்டது. வருகைப்பதிவேடு தேவைப்படவில்லை: வகுப்பறையின் வைஃபையில் மாணவரின் கைபேசி இணைந்ததா என்று பார்த்தார்கள். காலை 8 மணி வகுப்புகளில் இணைப்புகள் குறைந்தன. பலர் வகுப்பு தொடங்கிய பிறகும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எழுந்து வந்தவர்களோ தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு வந்தார்கள். வாரத்தில் அதிக நாட்கள் காலை வகுப்பு உள்ளவர்களின் மதிப்பெண் சராசரியும் குறைவாக இருந்தது. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காரணத்தை நிரூபிக்கவில்லை. ஆனாலும் கால அட்டவணை மாணவர் கையில் இல்லை, நிர்வாகத்தின் கையில் இருக்கிறது.

ஏன் எந்த நிர்வாகமும் அதை எளிதில் தொடுவதில்லை? கூடுதல் மதிப்பெண் கொடுக்கப் பைசா செலவில்லை. முதல் வகுப்பை 10 மணிக்குத் தள்ளினால் அறைகள் போதாது, ஆய்வகம் மாலை 6 மணியைத் தாண்டும், தொலைவிலிருந்து வருபவர் கடைசிப் பேருந்தைத் துரத்த வேண்டியிருக்கும், இரவு வேலைக்குப் போகும் அதே பிள்ளை மறுபடியும் மாட்டிக்கொள்வார். எல்லாப் பாடங்களையும் நகர்த்த முடியாவிட்டால், முதலாண்டின் கட்டாயப் பாடங்களையாவது நகர்த்தலாம். வேறு பிரிவுக்கு மாறி 8 மணியைத் தவிர்க்கும் வாய்ப்பு குறைவாக இருப்பது முதலாண்டு மாணவர்களுக்குத்தான்.