ஓசி விதையும் கடன் விதையும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி போகிறவர்கள் மரக்காணம் வந்ததும் காரை ஓரங்கட்டி, உப்புக் குவியலைப் பின்னால் வைத்து போட்டோ எடுத்துக்கொள்வார்கள். எனக்கு அந்த ஊர் என்றால் அவரைக்காய். அத்தை வீட்டுக் கொல்லையில், உப்பளக் காற்றையும் மீறி, பந்தல் கொள்ளாமல் காய்க்கும். பட்டையான காய், ஓரத்தில் ஊதா நிறக் கரை. பத்து வருஷம் முன்பு ஒரு கைப்பிடி விதை வாங்கி வந்து சென்னையில் மொட்டை மாடியில் போட்டேன். பிரமாதமாகக் காய்த்தது. பொரியல், கூட்டு, சாம்பார் என்று ஒரு காய் விடாமல் தின்று தீர்த்தோம். அந்த 'ஒரு காய் விடாமல்' என்பதுதான் பின்னால் வம்பாகிவிட்டது.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அத்தை வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். பத்து நாள் கழித்து போன் வந்தது. "தம்பி, அந்த அவரை வெத ரெண்டு இருந்தா குடுத்தனுப்பு. இங்க இருந்ததெல்லாம் தண்ணியில போயிடுச்சி." இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. "பார்க்கிறேன் அத்தை" என்று மழுப்பினேன்.

இந்த உறுத்தலோடுதான் விதை நூலகங்களைப் பற்றிப் படித்தேன். அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்து ரிச்மண்ட் பொது நூலகத்தில் 2010ல் ஒன்றைத் தொடங்கினார்கள். அதற்கப்புறம் நூற்றுக்கணக்கில் முளைத்துவிட்டன. ஏற்பாடு எளிமையானது. விதை பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போங்கள், விதையுங்கள், சாப்பிடுங்கள், இரண்டு செடியை முற்றவிட்டு விதை எடுத்து நூலகத்தில் கொண்டு வந்து கொடுங்கள். காசு கிடையாது. பல இடங்களில் பழைய புத்தக அட்டைகள் இருந்த மர இழுப்பறைகளிலேயே விதைகளை வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் வந்து காலியான இழுப்பறையில் கத்தரி விதை. எனக்குப் பிடித்திருந்தது.

பிடிக்காததும் உண்டு. பெரும்பாலான விதை நூலகங்களில் திருப்பித் தருவது ஒரு வேண்டுகோள், அவ்வளவுதான். தராவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். புத்தகத்துக்கு அபராதம் போட்ட நூலகம் விதை விஷயத்தில் மட்டும் ஏன் இத்தனை தாராளம்? ஓசியில் வந்ததை நாம் எப்படி நடத்துவோம் என்பதற்கு என் மொட்டை மாடியே சாட்சி. நம் ஊரில் மரம் நடும் விழா, பள்ளி ஆண்டு விழா, கல்யாணத் தாம்பூலம் வரைக்கும் விதை பாக்கெட் கொடுக்கிறார்கள். எத்தனை பாக்கெட் கொடுத்தோம் என்று மேடையில் அறிவிக்கிறார்கள். எத்தனை திரும்பி வந்தது என்று அறிவித்த ஒரு விழாவுக்கும் நான் போனதில்லை. அதிலும் பாக்கெட்டுக்குள் ஹைபிரிட் என்றால் கதை அங்கேயே முடிந்தது. அடுத்த தலைமுறை அப்பன் மாதிரி வராது.

இதற்கு மாற்று கலிஃபோர்னியாவில் இல்லை, திருத்துறைப்பூண்டி பக்கத்தில் இருந்தது. ஆதிரங்கத்தில் நெல் ஜெயராமன் 2006லிருந்து நெல் திருவிழா நடத்தினார். நம்மாழ்வாரின் தூண்டுதலில் பாரம்பரிய நெல் தேட ஆரம்பித்து, 170க்கும் மேற்பட்ட ரகங்களை மீட்டவர். விழாவுக்கு வருகிற விவசாயிக்கு 2 கிலோ விதை நெல். அடுத்த வருஷம் அதை 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். மாப்பிள்ளைச் சம்பாவும், உவர் நிலத்திலும் தாக்குப்பிடிக்கும் குழியடிச்சானும் இப்படித்தான் வயல்களுக்குத் திரும்பின. ஜெயராமன் 2018 டிசம்பரில் போய்விட்டார். நெல்லோடு அவர் கொடுத்தது ஒரு கடன் பத்திரம் என்றே நினைக்கிறேன். வாங்கியவனுக்கு ஒரு பயம் இருக்கும், அது நல்ல பயம். அதே திருவாரூர் மாவட்டத்தில், மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலில், 1931ல் மாட்டு வண்டியில் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கக் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்து வாங்குவது அந்த மண்ணுக்குப் புதிதில்லை.

நியாயமாக ஒன்று சொல்லவேண்டும். நெல்லுக்குச் சரிப்படுவது காய்கறிக்கு அப்படியே சரிப்படாது. நெல், அவரை, தக்காளி எல்லாம் பெரும்பாலும் தனக்குத்தானே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும் சாதுக்கள். பூசணியும் சுரையும் தேனீயை நம்புகிறவை. அடுத்த வீட்டுப் பூசணியின் சாயல் உங்கள் வீட்டு விதையில் வந்துவிடும். ரிச்மண்டில் விதை எடுக்க எளிதானது, கடினமானது என்று தனித்தனியாகப் பிரித்து வைத்தது இதனால்தான். அந்தப் புத்திசாலித்தனத்துக்குத் தலைவணங்குகிறேன்.

கடலோரத்தில் ஈரப்பதம் வேறு இருக்கிறது. விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது விதைக்காரர்களின் கணக்கு. காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சுத்தமான உப்பே கசிய ஆரம்பிக்கும். அளத்து உப்பில் மெக்னீசியம் இருப்பதால் இன்னும் சீக்கிரம். ஜாடியில் உப்பு நசநசத்தால் பரணில் விதைக்கும் ஆபத்து என்று அர்த்தம். அத்தை சாம்பலில் புரட்டி வைத்ததும், பூசணி விதையைச் சாணியில் பதித்துச் சுவரில் தட்டியதும் சும்மா இல்லை.

2014ல் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநில வேளாண் துறை ஒரு நூலகத்துக்கு, உங்கள் விதை விநியோகம் விதைச் சட்டத்துக்குள் வருகிறது என்று கடிதம் எழுதியது. நம் நாட்டில் 2001ம் வருஷத்துச் சட்டமே விவசாயி விதையைச் சேமிக்க, பரிமாற, விற்க உரிமை கொடுக்கிறது, பிராண்டு பெயர் போட்டு விற்காதவரை. இங்கே சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். கிளை நூலகத்தில் ஒரு மர அலமாரி, ஒரு பதிவேடு, 'ஒன்றுக்கு இரண்டு' என்று ஒரு விதி. இதற்குமேல் என்ன செலவு?

அவரை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். உப்பளத்துக்கு வேலைக்குப் போகும் ஒரு அம்மாவுக்கு அத்தை எப்போதோ கொடுத்திருந்தார். அவர் வீடு கொஞ்சம் மேட்டில் இருந்தது. அங்கிருந்து பதினெட்டு விதை வந்தது. அத்தை எனக்கு ஆறு அனுப்பினார், கூடவே போனில், "பன்னெண்டா வரணும் தம்பி." மாடியில் இரண்டு கொடி காய்த்திருக்கிறது. சிவப்பு நூல் கட்டிய காய்களில் யாரும் கை வைக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.