மூன்றாவது விடை

பரீட்சைப் பயிற்சிப் புத்தகங்களை யாரும் விமரிசனம் செய்வதில்லை. அவை இலக்கியம் அல்ல என்பார்கள். ஆனால் நம்முடைய நடுத்தரக் குடும்பங்களில் இன்று பென்சிலும் கையுமாக, வரிவரியாக, மனம் பதைக்கப் படிக்கப்படுகிற ஆங்கிலப் புத்தகம் எது என்று கேட்டால், ஷேக்ஸ்பியரையோ டிக்கன்ஸையோ சொல்ல எனக்கு வாய் வராது. கேம்பிரிட்ஜ்காரர்கள் வெளியிடும் ஐயெல்ட்ஸ் பயிற்சித் தொகுதிகளைத்தான் சொல்லவேண்டும். 1996ல் முதல் தொகுதி வந்தது. அதற்குப் பிறகு ஏறக்குறைய இருபது வந்துவிட்டன. ஒவ்வொன்றிலும் நான்கு முழுப் பரீட்சைகள். பின்பக்கங்களில் ஒலிப்பதிவின் வசனங்களும் விடைகளும். இத்தனை கவனமுள்ள வாசகர்கள் ஒரு நாவலாசிரியனுக்குக் கிடைத்தால் அவன் கொடுத்துவைத்தவன். பொறாமை காரணமாகத்தான் என்று வைத்துக்கொள்ளுங்களேன், நானும் சில தொகுதிகளை வாங்கி, கேட்கும் பகுதியையும் படிக்கும் பகுதியையும் மட்டும் ஒரு மாத காலம் நாவல் படிக்கிற மாதிரியே படித்துப் பார்த்தேன்.

பரீட்சை 1989 முதல் இந்தப் பெயரில் நடந்து வருகிறது. கேட்பதற்கு அரைமணி நேரம், நான்கு பகுதிகள், நாற்பது கேள்விகள். படிப்பதற்கு ஒரு மணி நேரம், மூன்று கட்டுரைகள், அங்கேயும் நாற்பது கேள்விகள். ஒன்பதுக்கு எத்தனை என்று மதிப்பெண். பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்துகொள்ள விரும்பும் பெண் இந்தப் பரீட்சை வழியாகப் போவதானால், எழுத்தில் ஆறரையும் மற்ற மூன்றிலும் ஏழும் வாங்கியாக வேண்டும். ஏழு என்பது நாற்பதில் சுமார் முப்பது கேள்விகள். இருபத்தொன்பது சரியாக இருந்தால் ஆறரை. ஒரு சொல்லின் எழுத்துக் கூட்டலில் பிழை, பன்மைக்குரிய ஓர் ‘எஸ்’ விட்டுப்போயிற்று, அவ்வளவுதான். மறுபடி பணம் கட்டவேண்டும். வாங்கிய மதிப்பெண்ணும் இரண்டு வருஷங்களுக்குத்தான் செல்லும் என்று வைத்திருக்கிறார்கள். அம்மாவின் வளையல் அடகுக் கடையில் இருக்கும்போது அந்த ஓர் ‘எஸ்’ஸின் எடை என்ன என்று வீட்டிலிருப்பவர்களுக்குத்தான் தெரியும். ஆகவே இந்தப் புத்தகங்களை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் கேட்கும் பகுதி. இதை எழுதுகிறவர்கள் யாரோ, பெயர் போட்டுக்கொள்வதில்லை. ஆனால் அவர்கள் ஒரு தனி உலகத்தையே சிருஷ்டித்திருக்கிறார்கள். அங்கே யாராவது எப்போதும் டெலிபோனில் ஓர் அறையோ, வகுப்பில் ஓர் இடமோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மறுமுனையில் பேசுகிறவர் தவறாமல் அன்பாகப் பேசுகிறார். பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லுகிறார்கள். செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்று ஆரம்பித்து, இல்லை, அன்று வேலை இருக்கிறது, வியாழக்கிழமையே இருக்கட்டும் என்று மாற்றிக்கொள்கிறார்கள். செவ்வாய் என்று அவசரப்பட்டு எழுதியவன் போனான். இந்த உலகத்தில் யாரும் கோபித்துக்கொள்வதில்லை, கடன் கேட்பதில்லை, காதலிப்பதுமில்லை. அடுத்தாற்போல ஒருவர் ஊரிலுள்ள பூங்காவையோ மியூஸியத்தையோ பற்றி விவரம் சொல்லுகிறார். கடைசிப் பகுதி ஒரு கல்லூரிச் சொற்பொழிவு. இந்த இரண்டையும்பற்றி விமரிசகன் சொல்ல அதிகமில்லை.

மூன்றாவது பகுதிதான் விசேஷமானது. மாணவர்கள் இரண்டு பேர், சில சமயம் அவர்களுடைய ஆசிரியரும் சேர்ந்துகொண்டு, ஏதோ ஒரு வேலையைப்பற்றிப் பேசுகிறார்கள். இருவரும் எதில் ஒத்துப்போனார்கள், அவளுக்கு எது பிடிக்கவில்லை என்பதுபோல் கேள்வி வருகிறது. பிடிக்கவில்லை என்று அவள் வாய்விட்டுச் சொல்லியிருக்கமாட்டாள். ‘அதுவும் ஒரு வழிதான், ஆனால்...’ என்று இழுத்திருப்பாள். நம் பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான் என்று சொல்லுகிறார்கள். இது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, ‘ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்’ என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினால், அதற்கு என்ன அர்த்தம் என்று நம் வீட்டில் பத்து வயதுக் குழந்தைக்கும் தெரியும். தாத்தா ‘பார்க்கலாம்’ என்றால் பணம் கிடைக்காது என்று தெரியும். இழுத்துப் பேசுவதைக் காதில் வாங்கத் தெரிந்த ஜாதி நாம். இங்கிலீஷ் என்றவுடன் அந்தக் காதைக் கழற்றி வைத்துவிட்டு அகராதியை எடுத்துக்கொள்கிறோம்.

ஒலியில் உள்ள தொல்லை வேறு. நம்மில் பெரும்பாலோர் இங்கிலீஷைக் கண்ணால் கற்றவர்கள். ‘கம்ஃபர்டபிள்’ என்று நாம் எழுத்துக்கு மரியாதை கொடுத்து நிறுத்திச் சொல்வதை அவர்கள் ‘கம்ஃப்டபிள்’ என்று விழுங்கிவிடுகிறார்கள். ‘தேர்ட்டீன்’, ‘தேர்ட்டி’ இரண்டுக்கும் வித்தியாசம், அழுத்தம் பின்னால் விழுகிறதா முன்னால் விழுகிறதா என்பதில் இருக்கிறது. முடியும் என்று சொல்ல வருகிற ‘கேன்’ பேச்சில் ‘க்ன்’ என்று தேய்ந்துபோகிறது. முடியாது என்கிற ‘கான்ட்’ பிரிட்டிஷ்காரர் வாயில் நீண்டு ஒலிக்கிறது. கடைசி ‘ட்’டுக்காகக் காத்திருப்பவன் ஏமாறுவான், உயிரெழுத்தின் நீளத்தைக் கவனித்தவன் பிழைப்பான். இதையெல்லாம் அந்நிய பாஷையின் அக்கிரமம் என்று நினைக்கவேண்டியதில்லை. ‘நாடு’ என்பதில் உள்ள கடைசி உகரம் ஒரு மாத்திரை ஒலிக்காமல் அரை மாத்திரையாகக் குறைகிறது, ‘தலைவன்’ என்பதில் ஐகாரம் குறுகுகிறது என்று நம் இலக்கணக்காரர்கள் எப்போதோ அளந்து எழுதிவைத்திருக்கிறார்கள். குற்றியலுகரத்தைப் பத்து மதிப்பெண்ணுக்காக உருப்போட்டவர்கள், அது காதைப்பற்றிய பாடம் என்பதை மட்டும் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள். எழுத்துக்குள்ள ஒலி சில இடங்களில் குறையும் என்று ஒப்புக்கொள்ளுகிற காதுக்கு இங்கிலீஷ் அவ்வளவு கொடுமையாகத் தோன்றாது.

பரீட்சையில் ஒலிப்பதிவை ஒரே தடவைதான் போடுவார்கள். இதைக் காரணமாக வைத்துக்கொண்டு, பயிற்சியிலும் எல்லாவற்றையும் ஒரே தடவை கேட்டு, விடையைச் சரிபார்த்து, எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த பரீட்சைக்குப் போய்விடுகிறார்கள். ‘நாற்பது டெஸ்ட் முடித்துவிட்டேன்’ என்று சொல்லுகிற பையன்களைப் பார்க்கிறேன். அளக்கிற கோலையே உணவாக நினைத்துச் சாப்பிட்டால் எப்படி? பவணந்தி முனிவர் நன்னூலில் மாணவன் பாடம் கேட்கும் முறையைச் சொல்லும்போது, இரண்டாம் தடவை கேட்டால் நூலில் பிழைபடமாட்டான், மூன்றாம் தடவை கேட்டால் முறையாக எடுத்துச் சொல்லத் தெரிந்துகொள்வான் என்கிறார். ஆசிரியரிடம் கிடைப்பது கால் பங்கு, உடன் படிப்பவர்களோடு பழகுவதில் கால் பங்கு, பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் மீதி அரைப் பங்கு என்று கணக்கும் தருகிறார். இதைவிட நல்ல பயிற்சி முறையை நான் எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை. முதல் தடவை பரீட்சைபோலவே கேட்பது. இரண்டாவது தடவை பின்பக்கத்து வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தச் சொல் எங்கே விழுங்கப்பட்டது என்று பார்ப்பது. மூன்றாவது தடவை வசனத்தை மூடிவிட்டு, நிறுத்தி நிறுத்திக் கேட்டு டிக்டேஷன் எழுதுவது. நாற்பது டெஸ்ட் வேண்டாம், எட்டுப் போதும்.

படிக்கும் பகுதிக்கு வருகிறேன். கட்டுரைகள் மோசமானவை அல்ல. சில எனக்கு நிஜமாகவே பிடித்திருந்தன. ஒன்பதாவது தொகுதியில் வில்லியம் ஹென்றி பெர்க்கின் என்ற பையனைப்பற்றி ஒரு கட்டுரை. 1856ல், பதினெட்டு வயதில், மலேரியாவுக்கு மருந்தான க்வினைனைச் செயற்கையாகச் செய்துவிட முயன்றான். வந்து சேர்ந்ததோ ஊதாச் சாயம். ஒன்றைத் தேடிப்போய் வேறொன்றைக் கண்டவனின் கதை, நாவலுக்கே போதும். படிக்கும்போது என் மனசு எங்கெங்கோ போயிற்று. இந்தப் பையன் திறந்துவிட்ட வழியிலே பின்னால் செயற்கை அவுரி வந்து, நம் நாட்டில் அவுரி பயிரிட்டவர்களின் பிழைப்பைக் கெடுத்ததே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தால் இருபத்தைந்து நிமிஷம் ஆகியிருந்தது. ஒரு கட்டுரைக்கு இருபது நிமிஷம்தான். கேள்விகளையும் அதற்குள் முடிக்கவேண்டும். ரஸனை என்பது இந்தப் பரீட்சையில் ஆடம்பரச் செலவு.

சொல்லிக்கொடுக்கிற இடங்களில் இதற்கு மருந்து வைத்திருக்கிறார்கள். கட்டுரையைப் படிக்காதே, கேள்வியைப் படி, அதிலுள்ள முக்கியமான சொல்லைக் கட்டுரையில் தேடு, அதன் பக்கத்தில் விடை இருக்கும் என்று. இது வியாபாரத்துக்கு நல்ல உபாயம், வாசிப்புக்கு அல்ல. பரீட்சைக்கே அல்ல என்றுகூடச் சொல்லுவேன். ஏனென்றால் கேள்வி எழுதுகிறவர் இந்த உபாயத்தை நம்மைவிட முன்னால் அறிந்தவர். கேள்வியில் ‘குழந்தைகள்’ என்று போட்டால் கட்டுரையில் ‘பத்து வயதுக்கு உட்பட்டவர்கள்’ என்று வைத்திருப்பார்; ‘குழந்தைகள்’ என்ற அதே சொல்லை வேறொரு பாராவில் பொறியாக வைத்திருப்பார். ஒரே விஷயத்தைப் பல விதமாகச் சொல்லலாம் என்று பழகிய வாசகனைத்தான் அவர் தேடுகிறார். அந்தப் பழக்கம் சொற்பட்டியலை உருப்போட்டு வருவதில்லை. ஏராளமாக, தேவையில்லாமல், பிடித்த புத்தகங்களைப் படித்துத்தான் வரும். நன்னூல் கடைமாணாக்கர்களில் ஒருவனை நெய்யரிக்கு ஒப்பிடுகிறது. நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்கிற பாத்திரம் அது. ஆறு மாதம் உபாயங்களை மட்டும் கற்றவன் கையில் கடைசியில் தங்குவது என்ன என்று யோசிக்கும்போது எனக்கு அந்த நினைவுதான் வருகிறது.

ஆனால் இந்தப் பரீட்சையில் ஒரு கேள்வி வகை இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவனுக்கு நான் மாலை போடுவேன். ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, கட்டுரையின்படி அது சரியா, தவறா, அல்லது சொல்லப்படவில்லையா என்று கேட்பார்கள். எல்லோரும் பயப்படுவது இந்த மூன்றாவது விடைக்குத்தான். பத்தாவது தொகுதியில் குஜராத், ராஜஸ்தான் பகுதிகளில் உள்ள படிக்கிணறுகளைப்பற்றி ஒரு கட்டுரை இருக்கிறது. பாட்டனில் உள்ள ராணி கி வாவ் அதில் வருகிறது. இந்தியனுக்கு இது தாய்வீட்டுச் சமாசாரம் என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து. உதாரணத்துக்கு நானே ஒரு கேள்வி செய்கிறேன். ஒரு கிணற்றை ஒரு ராணி கட்டுவித்தாள் என்று மட்டும் கட்டுரை சொல்லுகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘ராணி தன் கணவனை மிகவும் நேசித்தாள்’ என்பது வாக்கியம். நாம் உடனே சரி என்போம். நேசிக்காமலா கட்டினாள்? அவள் நேசித்திருக்கலாம், ஊர் மெச்சக் கட்டியிருக்கலாம், தண்ணீர்ப் பஞ்சத்துக்குக் கட்டியிருக்கலாம். கட்டுரை வாய் திறக்கவில்லை. நமக்குத் தெரிந்ததையும், நமக்குப் பிடித்ததையும், எதிரே அச்சடித்திருப்பதையும் மூன்றாகப் பிரித்து வைத்துக்கொள்ளத் தெரிந்தவனுக்குத்தான் அந்த மதிப்பெண் கிடைக்கும். முன்சொன்ன நெய்யரிக்கு எதிர்ப்புறத்தில், பாலையும் நீரையும் பிரிக்கிற அன்னத்தை நன்னூல் முதல் மாணாக்கனுக்கு உவமை சொல்லுவது இதற்காகத்தான் இருக்கவேண்டும்.

தமிழில் புத்தக மதிப்புரை எழுதுகிறவர்களுக்கெல்லாம் இந்தப் பகுதியை மட்டுமாவது கட்டாயமாக்கலாம். என் நாவல் ஒன்றில் ஒரு விதவை விடியற்காலையில் ஊரை விட்டுப் போகிறாள். ஏன் போகிறாள், எங்கே போகிறாள் என்று நான் எழுதவில்லை. அவள் பள்ளிக்கூட வாத்தியாரோடு ஓடிப்போனதாக ஒரு விமரிசகர் எழுதி, அது ஒழுக்கக்கேடு என்று என்னைக் கண்டித்தும் இருந்தார். நாவலில் வாத்தியாரே கிடையாது. ஒரு கதையில் கனமான விஷயங்கள் பலவும் இந்த மூன்றாவது விடையில்தான் இருக்கின்றன. மௌனியைப் படிக்கிறவன் அங்கேயே குடியிருக்கவேண்டும். சொல்லாததைச் சொல்லாதது என்று அடையாளம் கண்ட பிறகுதான் அதைப்பற்றி யோசிக்க ஆரம்பிக்க முடியும். அடையாளம் காணுமுன் யோசித்தால் வதந்தி.

இத்தனைக்கும் இந்தப் பரீட்சையில் கதை ஒன்றுகூட வருவதில்லை. எப்போதும் இப்படி இருந்ததில்லை. இதே கேம்பிரிட்ஜில் 1913ல் அந்நியர்களுக்கான ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சை ஒன்றை முதன்முதலில் நடத்தினார்கள். பன்னிரண்டு மணி நேரம். அதில் மூன்று மணி நேரம் இலக்கியத்துக்கு. மொழிபெயர்ப்பு, கட்டுரை, டிக்டேஷன் எல்லாம் உண்டு. எழுதியவர்கள் மூன்று பேர், மூன்று பேரும் தேறவில்லை. அந்த முறை திரும்பி வரவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நர்ஸாகப் போகிற பெண்ணுக்கு மில்டன் எதற்கு? லக்ஷக்கணக்கானவர்கள் எழுதுகிற பரீட்சையில், ஒரு கேள்விக்கு ஒரே விடைதான் இருக்கவேண்டும். கதைக்கு அப்படி விடை சொல்ல முடியாது. பரீட்சைக்காரர்கள் கதையை விலக்கியதில் நியாயம் இருக்கிறது. அதைப் பார்த்துப் படிக்கிறவனும் விலக்கிவிடுகிறானே, அதில்தான் நியாயமில்லை. பரீட்சையில் தேனீயும் கண்ணாடியும்தான் வரும், நாவல் எதற்கு என்கிறான். நாவல் மட்டும் போதாது என்பது சரி. பத்திரிகைகளில் வரும் விஞ்ஞானக் கட்டுரைகளையும் அவன் படிக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு மணி நேரம் கண்ணை எடுக்காமல் இங்கிலீஷில் உட்கார்ந்திருக்கிற சக்தி கதையினால்தான் சுலபமாக வரும். ஆர்.கே. நாராயணின் ‘ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ 1935ல் வந்தது. அதில் அகராதி பார்க்கவேண்டிய சொற்கள் குறைவு; மனிதர்கள் நமக்குத் தெரிந்தவர்கள். அங்கே ஆரம்பிக்கலாம்.

நர்ஸுகளுக்கும் டாக்டர்களுக்கும் என்றே ஓ.இ.டி. என்று வேறொரு பரீட்சை உண்டு. ஆஸ்திரேலியாவில் பிறந்தது, பிரிட்டனிலும் ஏற்கிறார்கள். அதில் கேட்கும் பகுதியின் தொடக்கத்தில் நோயாளி ஒருவர் தம் உபாதையைச் சொல்லுவார். கேட்டுக்கொண்டே குறிப்பை நிரப்பவேண்டும். அதுவும் ஒரே தடவைதான். மாதிரிப் பதிவு ஒன்றைக் கேட்டுப் பார்த்தேன். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் நேராகப் பதில் வருவதில்லை. முதலில் தூக்கம் வராததைப்பற்றியும், வேலைக்குப் போக முடியாததைப்பற்றியும் பேச்சு சுற்றுகிறது. கதாசிரியன் என்ற முறையில் அறை வாடகைக்குக் கேட்கிறவர்களைவிட இவர்கள்தான் எனக்குப் பிடித்திருக்கிறார்கள். போகிற இடத்தில் அந்தப் பெண் கேட்கப்போவதும் இவர்களுடைய பேச்சைத்தான்.