பேய்க்கும் ஒரு நியாயம் வேண்டும்: அமானுஷ்யக் காதல் குறுநாவல்களும் வாசகர் தீர்ப்பும்

தமிழில் அமானுஷ்யக் காதல் கதைகளுக்கு வாசகர்கள் உண்டு, விமர்சகர்கள் இல்லை. காதலர்களில் ஒருவர் இறந்தவராகவோ, மறுபிறவி எடுத்தவராகவோ, சாபம் பெற்ற குடும்பத்தில் பிறந்தவராகவோ இருப்பார். கதை நூறு பக்கத்துக்கு முன்பின் முடிந்துவிடும். மாத நாவலாகப் பேருந்து நிலையக் கடைகளில் தொங்கிய காலத்திலும் சரி, கைபேசியில் அத்தியாயம் அத்தியாயமாக வரும் இந்தக் காலத்திலும் சரி, இவற்றைப் பற்றிய மதிப்புரை இலக்கிய இதழ்களில் வருவது அபூர்வம். படித்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதுதான் மதிப்புரை.

அவிநாசி, திருப்பூர் வட்டாரத்தில் அந்தப் பேச்சைக் கேட்பது எளிது. பனியன் கம்பெனிகளில் செக்கிங், கைமடி, டெய்லர் வேலை பார்க்கும் பெண்களில் தொடர்கதை வாசகிகள் பலர். ஷிப்ட் முடிந்து வந்தபின் படிக்கிறார்கள். சமைத்துக்கொண்டே ஆடியோ நாவலாகக் கேட்பவர்களும் உண்டு. பேய் இருக்கிறதா இல்லையா என்ற விவாதம் இவர்களிடம் அனேகமாக எழுவதில்லை. செக்கிங் வேலை பார்க்கும் ஒரு வாசகியின் கட்சி இது: “பேயா வந்தா வரட்டுங்க. எதுக்கு வந்தாங்கறதக் கடைசிக்குள்ள சொல்லோணுமில்லைங்க?”

இந்த ஒற்றைக் கேள்வியை அளவுகோலாக எடுத்துக்கொண்டால், இந்த வகையின் நெடிய வரலாற்றையே அளந்துவிடலாம்.

அவிநாசிக்காரர்களுக்கு அந்த அளவுகோல் ஊர்க்கதையிலேயே கிடைத்துவிடுகிறது. சுந்தரர் இங்கே வந்தபோது ஒரு வீட்டில் பூணூல் கல்யாணம், எதிர்வீட்டில் அழுகை. அந்த வீட்டுப் பிள்ளையைச் சில ஆண்டுகளுக்கு முன் குளத்து முதலை விழுங்கியிருந்தது. சுந்தரர் பதிகம் பாட, முதலை பிள்ளையைக் கரையில் உமிழ்ந்தது என்கிறது பெரிய புராணம். விழுங்கப்பட்ட வயதில் அவன் திரும்பவில்லை. இடையில் கழிந்த ஆண்டுகளுக்குரிய வளர்ச்சியோடு திரும்பினான். அற்புதம் நடந்தால் இழந்த காலமும் கணக்கில் வரவாக வேண்டும். இந்த ஊர் வாசகர் அமானுஷ்யக் கதையிடம் எதிர்பார்ப்பதும் இந்த நேர்மையைத்தான்.

காதலையும் மறுபிறவியையும் முடிச்சுப்போட்ட முன்னோடிக் காப்பியம் மணிமேகலை. சோழ இளவரசன் உதயகுமரன் மணிமேகலையை விடாமல் துரத்துகிறான். மணிபல்லவத்தில் புத்தபீடிகையைக் கண்டதும், முற்பிறப்பில் இராகுலன் என்ற பெயரில் அவனே தன் கணவனாக இருந்தான் என்பது அவளுக்குத் தெரிகிறது. இன்றைய தொடர்கதையாக இருந்தால் அடுத்த அத்தியாயத்தில் திருமணம். காப்பியத்தின் ஆசிரியர் சாத்தனார் அப்படி எழுதவில்லை. பழைய உறவு தெரிந்த பின்னும் அவள் துறவை விடவில்லை. போன ஜென்மத்துப் பந்தம் இந்த ஜென்மத்துப் பெண்மீது உரிமை ஆகாது என்பது அங்கேயே தீர்ப்பாகிவிட்டது.

பழையனூர் நீலி கதை மறுபக்கம். கணவனால் கொல்லப்பட்ட பெண், அடுத்த பிறவியில் வணிகனாகப் பிறந்த அவனைப் பேயாகத் தொடர்கிறாள். கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, “இவர் என் கணவர்” என்று ஊர்ச்சபையில் வழக்காடுகிறாள். எழுபது வேளாளர்கள் அவனுக்குப் பிணை நிற்க, அவனைக் கொன்று பழிதீர்க்கிறாள். சொன்ன சொல்லுக்காக அந்த எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். ஊர் நினைவு வேளாளர்களின் வாய்மையைப் போற்றியது. ஆனால் கேட்கிறவர்களுக்கு நீலியின் வழக்குத்தான் மறப்பதில்லை.

நவீன காலத்தில் இந்த வகையின் நல்ல உதாரணங்கள் இரண்டும் கல்கி எழுதியவை. ‘சோலைமலை இளவரசி’யில், 1942 போராட்டத்தில் தலைமறைவான குமாரலிங்கம் இடிந்த கோட்டையில் ஒளிகிறான். அங்கே தன்னை மாறனேந்தல் உலகநாதத் தேவராகவும், சோறு கொண்டுவரும் பொன்னம்மாளை இளவரசி மாணிக்கவல்லியாகவும் உணர்கிறான். ‘மோகினித் தீவு’ ஜப்பான் குண்டுவீச்சுக்கு அஞ்சி ரங்கூனிலிருந்து கிளம்பிய கப்பலின் வழியே, ஆளில்லாத் தீவின் நிலவொளியில் பாண்டிய இளவரசி புவனமோகினியின் காதல் கதைக்குள் போகிறது. இரண்டிலும் நடந்தது நிஜமா பிரமையா என்ற ஐயத்துக்குக் கல்கி இடம் விடுகிறார். ஆனால் பாத்திரங்கள் எதற்காக ஏங்குகிறார்கள் என்பதில் மட்டும் ஐயமே இல்லை.

மாத நாவல் காலத்தில் பேய்க்கதை என்றால் பி.டி.சாமி. அச்சமே அங்கே சரக்கு, காதல் துணைக்கு வரும். காதலையும் சாபத்தையும் சமமாக நிறுத்தியவர் இந்திரா சௌந்தர்ராஜன் (1958–2024). ‘கோட்டைப்புரத்து வீடு’ம் அதன் மீதான சாபமும், 1990களின் பிற்பாதியில் நாகா இயக்கத்தில் சன் டிவியில் ‘விடாது கருப்பு’ ஆக வந்த ‘விட்டுவிடு கருப்பா’வும் அவரைப் படிக்காத வீடுகளுக்கும் கொண்டுபோயின. சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2008இலும் 2010இலும் ஆங்கிலத்தில் கொண்டுவந்த தமிழ் வெகுஜனக் கதைத் தொகுதிகள் இரண்டிலும் அவருக்கு இடமுண்டு.

அவரைப் பற்றி வாசகர்கள் இரண்டு கட்சி. கடைசியில் மனித சூழ்ச்சியோ மனநோயோ காரணம் என்று தெரிந்த பிறகும் சாமிக்கு ஓர் இடம் மிச்சம் வைப்பது பெரிய பலம் என்பார்கள் ஒரு சாரார். அது இரண்டு படகிலும் கால் வைப்பது என்பார்கள் மறு சாரார். சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ பற்றியும் இதே சண்டை உண்டு. அதன் நாயகர்கள் கணேஷும் வசந்தும் அறிவியலால் பேயை விரட்டிவிட்டார்களா இல்லையா என்று வாசகர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். என் பார்வையில் முதல் கட்சியே சரி. குலதெய்வத்துக்குக் கிடா வெட்டிவிட்டு மறுநாள் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷினை ஓட்டும் ஊரில் இரண்டு விளக்கமும் ஒரே தலைக்குள்தான் இருக்கின்றன.

இன்றைய இணையத் தொடர்களுக்கு வருவோம். இங்கே எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் பெரும்பாலும் பெண்கள். “அடுத்த எபி எப்ப சிஸ்?” என்று கேட்கும் நெருக்கம் மாத நாவலுக்கு வாய்க்காதது. ஆனால் குறைகளும் திரும்பத் திரும்பக் காதில் விழுகின்றன. முதலாவது, இழுப்பு: இருபது அத்தியாயத்துக் கதை எழுபதுக்கு நீள்கிறது. இரண்டாவது, மறுபிறவி ஒரு சலுகைச் சீட்டாகிவிட்டது: நாயகியைக் கடத்தி, மிரட்டி, அறைந்த ‘ஆன்ட்டி ஹீரோ’ போன ஜென்மத்துக் கணவன் என்று தெரிந்ததும் அத்தனையும் மன்னிக்கப்படுகிறது. மூன்றாவது, முடிவு: துரோகத்தால் செத்த பெண் பேயாக வந்தால், பூசாரி வந்து எலுமிச்சை அறுத்து அவளை அனுப்பிவிடுகிறார், துரோகி கல்யாண மேடைக்குப் போகிறான்.

மூன்றாவது குறைதான் இந்த வாசகிகளை உண்மையில் கோபப்படுத்துகிறது. அதற்கு வாழ்க்கையிலேயே காரணம் இருக்கிறது. கல்யாணமாகாமல் இறந்த பெண்ணை வீட்டுச்சாமியாக வைத்துக் கும்பிடும் குடும்பங்கள் தமிழ்நாடெங்கும் உண்டு. சுவரில் மஞ்சள் குங்குமம், பலகையில் புதுத்துணி, கண்ணாடி வளையல், பூ. அவளுக்குப் பிடித்த பலகாரம் முதலில் அவளுக்குத்தான். அங்கே செத்த பெண் விரட்டப்படுவதில்லை, பங்கு பெறுகிறாள். அப்படிக் கும்பிட்டு வளர்ந்தவரிடம் பூசாரி எலுமிச்சையை நீட்டினால் அவர் எப்படி ஒப்புவார்?

விமர்சனம் இந்த வகையை மூடநம்பிக்கை என்றோ பொழுதுபோக்கு என்றோ ஒதுக்கியது பிழை. நல்லதையும் கெட்டதையும் பிரிக்கத் தெளிவான அளவுகோலை வாசகிகளே வைத்திருக்கிறார்கள்: வந்தவள் எதற்கு வந்தாள், அவளுக்கு என்ன கிடைத்தது? மணிமேகலையும் நீலியும் கல்கியும் இதில் தேறுகிறார்கள். இன்றைய தொடர்களில் பல தேறவில்லை. தொடர் எழுதுகிறவர்கள் கல்கியின் இந்த இரண்டு குறுநாவல்களையும் ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அடுத்த கதையில் பூசாரியைக் கூப்பிடுமுன், பேயைப் பேச விடட்டும்.