கண்ணும் காட்சியும்: இல்லத்தில் செய்யப்படும் விலங்குக்கோலங்களை மதிப்பிடுதல்

முன்னுரை

மனித இயல்புகள் ஏற்றப்பட்ட விலங்குப் பாத்திரம் ஒன்றைக் கற்பனையில் படைத்து, அதனைத் தலைமுதல் கால்வரை மூடும் உரோம உடையாகத் தைத்து அணிந்துகொள்ளும் பொழுதுபோக்குக் கைவினை அமெரிக்காவில் வேரூன்றி, இன்று ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் பிற நாடுகளிலும் பரவியுள்ளது. 'ஃபர்சூட்' எனப்படும் இவ்வுடை பெரும்பாலும் வேடிக்கைச் செய்தியாகவோ முதிர்ச்சியற்றோரின் விளையாட்டாகவோதான் பேசப்படுகிறது. அதனை ஒரு கைவினைப் படைப்பாகக் கொண்டு மதிப்பிட வேண்டுமாயின் எந்த அளவுகோலைக் கொள்வது என்னும் வினா எழுவது அரிது. இக்கட்டுரை அவ்வினாவை எடுத்துக்கொள்கிறது. தாமே செய்து தாமே அணிவோரின் படைப்புகளையே இங்குச் சிறப்பாகக் கருதுகிறோம்.

சொல்லைப் பற்றி ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. 'வேடம்' என்றால் பிறரை மயக்கும் நோக்கம் அதில் தொனிக்கிறது. 'முகமூடி' என்பது தலைப்பகுதியை மட்டுமே சுட்டும். மணக்கோலம், தவக்கோலம் முதலிய வழக்குகளில் 'கோலம்' என்னும் சொல், ஒருவர் விரும்பி ஏற்கும் முழுத்தோற்றத்தைக் குறிக்கிறது. ஆகவே ஃபர்சூட்டை 'விலங்குக்கோலம்' எனக் குறிப்பிடுகிறோம். நம் வாசகர்க்குப் புலியாட்டம் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயினும் புலியாட்டக் கலைஞரின் உடலே வண்ணம் தீட்டப்பெற்றுப் புலியாகிறது. விலங்குக்கோலத்திலோ உடல் முற்றிலும் மறைகிறது. இவ்வேறுபாடே பின்வரும் ஆய்வுக்கு அடிப்படையாகும்.

வரலாற்றுப் பின்னணி

விலங்குருவில் தோன்றும் நடிகர் மேலை அரங்கிற்குப் புதியவர் அல்லர். 1939இல் வெளிவந்த 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' திரைப்படத்தில் பெர்ட் லார் அணிந்த சிங்க உடை உண்மையான சிங்கத்தோலால் ஆனது. ஆயினும் அவரது முகம் ஒப்பனையுடன் திறந்தே இருந்தமையால், சிரிப்பும் அழுகையும் மனித முகத்திலேயே நிகழ்ந்தன. 1978இல் ஃபிலடெல்ஃபியா பேஸ்பால் அணிக்காகப் பானி எரிக்சனும் வேட் ஹாரிசனும் வடிவமைத்த 'ஃபிலி ஃபனாட்டிக்' என்னும் சின்ன உருவம் வேறொரு வழியைக் காட்டியது. அங்கு மனித முகம் முழுதும் மறைந்தது. உணர்ச்சி அனைத்தும் நடையிலும் வயிற்றசைவிலும் வெளிப்பட்டது.

இவை இரண்டும் தொழில்முறைப் படைப்புகள். பொழுதுபோக்காளரின் விலங்குக்கோலம் தனக்கென ஒரு களம் பெற்றது, 1989இல் கலிபோர்னியாவின் கோஸ்டா மேசாவில் விலங்குப் பாத்திர ஆர்வலர் முதன்முதல் கூட்டிய 'கான்ஃபரன்ஸ்' மாநாட்டை ஒட்டியே எனலாம். 1997இல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் தொடங்கி, 2006 முதல் பிட்ஸ்பர்க் நகரில் நடைபெறும் 'ஆந்த்ரோகான்' போன்ற மாநாடுகள் அக்களத்தை விரிவாக்கின. 2004இல் ஆடம் ரிக்ஸ் வெளியிட்ட செய்முறை நூல் தன் தலைப்பிலேயே விளையாட்டு அணிகளின் சின்ன உருவங்களையும் ஃபர்சூட்டையும் அருகருகே வைத்தது. நுட்பங்கள் பொதுவாயினும் இரண்டற்கும் ஒரு முதன்மையான வேறுபாடு உண்டு. சின்ன உருவம் ஒரு நிறுவனத்தின் உடைமை. அதனுள் இருப்பவர் மாறலாம். விலங்குக்கோலம் அணிபவரின் சொந்தப் பாத்திரம்; அவரது உடலளவுக்கே அது வெட்டப்படுகிறது.

செய்முறையில் அமைந்த தீர்மானங்கள்

செய்முறையின் ஒவ்வொரு கட்டமும் ஒரு தீர்மானத்தை வேண்டி நிற்கிறது. முதலில் பாத்திரத்தின் முன், பின், பக்கத் தோற்றங்கள் வண்ணங்களுடன் வரையப்படுகின்றன. அடுத்து, மெத்தை இருக்கைகளுக்குப் பயன்படும் நுரைப்பஞ்சை வெட்டி ஒட்டித் தலை உருவாக்கப்படுகிறது. கன்னம், புருவமேடு, மூக்குப்பாலம் ஆகியவை கத்தரிக்கோலால் செதுக்கப்படுகின்றன. உருவான தலையின்மீது ஒட்டுநாடாவைச் சுற்றி, அதன்மேல் தையல்வரிகளையும் உரோமம் சாயவேண்டிய திசையைக் காட்டும் அம்புக்குறிகளையும் வரைந்து, பின்னர் அந்நாடாவை வெட்டியெடுத்துத் தட்டையாக்கினால் துணிக்குரிய படிவம் கிடைக்கிறது.

செயற்கை உரோமத்துணியைக் கத்தரிக்கோலால் நேராக வெட்டுவோர் உரோமத்தையும் சேர்த்தே வெட்டிவிடுகின்றனர். இணைப்பு மொட்டையாகத் தெரிகிறது. துணியைக் கவிழ்த்து, அடித்துணியை மட்டும் கூரிய அலகால் கீற வேண்டும். தைத்தபின் இணைப்பில் சிக்கிய உரோமத்தைச் சீப்பினால் வெளியே இழுத்துவிட்டால் தையல் மறைகிறது. படிவத்தின் ஒரு துண்டு தலைகீழாக வைக்கப்பட்டு வெட்டப்பட்டால், அப்பகுதியின் உரோமம் எதிர்த்திசையில் சாய்ந்து, வெளிச்சத்தில் வேறு நிறமாகவே தோன்றும். முகத்தின் உரோமத்தை முடிவெட்டும் மின்கருவியால் குறைக்கும் கட்டம் இன்னும் கடுமையானது. மிகுதியாக வெட்டியதை மீண்டும் வளர்க்க வழியில்லை.

உடற்பகுதியின் படிவத்தை எடுக்கும் முறை நம் கவனத்திற்கு உரியது. பழைய ஆடையையோ மெல்லிய நெகிழித்தாளையோ அணிந்து நிற்பவரை, இன்னொருவர் அகன்ற ஒட்டுநாடாவால் கழுத்திலிருந்து கணுக்கால்வரை சுற்றுகிறார். பின்னர் அக்கூட்டை வெட்டித் திறக்கிறார். தனியொருவரின் படைப்பு எனப்படுவதற்கும் இக்கட்டத்தில் நம்பிக்கைக்குரிய இரண்டாம் கை வேண்டப்படுகிறது.

கால்களின் அமைப்பில் விலங்கியல் அறிவு புகுகிறது. நாயும் பூனையும் விரல்களை ஊன்றி நடப்பன. அவற்றின் குதிகால் தரைக்கு மேலே உயர்ந்திருக்கும். மனிதர் அவ்வாறு நெடுநேரம் நடத்தல் இயலாது. ஆகவே தொடையின் முன்புறத்திலும் கெண்டைக்காலின் பின்புறத்திலும் நுரைப்பஞ்சைத் திணித்து, கால் வளைந்திருப்பதாகத் தோற்றமளிக்கச் செய்கின்றனர். குதிகால் தரையில் பதிந்தே இருக்கிறது. காண்பவரின் கண்ணோ அதனை உயர்ந்ததாகக் கொள்கிறது. விலங்கின் உடலை உள்ளபடியே படியெடுக்காமல் அதன் வெளிக்கோட்டை மட்டும் மனித உடலின்மேல் வரையும் உத்தி இது.

கண் என்னும் சிக்கல்

இக்கைவினையின் முதன்மையான சிக்கல் கண்ணிலேயே அமைந்துள்ளது என்பது நம் கருத்து. விலங்குக்கோலத்தின் கண் இரு பணிகளை ஒருங்கே ஆற்ற வேண்டும்: பாத்திரம் பிறரைப் பார்ப்பதாகத் தோன்ற வேண்டும், உள்ளிருப்பவர் உண்மையிலேயே வெளியைப் பார்க்க வேண்டும். இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன.

கேலிச்சித்திரப் பாணியில் அமைந்த தலைகளில், பெரிய வெண்விழிக்குள் கண்மணி இருக்கும் இடத்தில் நுண்துளை வலை பொருத்தப்படுகிறது. வலையின் வெளிப்புறம் வண்ணம் தீட்டப்படுகிறது. உட்புறம் கருமையாக விடப்படுகிறது. வெளியிலிருந்து விழும் ஒளி வண்ணத்தில் பட்டுத் திரும்புவதால் காண்பவர்க்குக் கண்மணி தெரிகிறது. இருளான உட்புறத்திலிருந்து நோக்குபவர்க்கு வலை ஏறத்தாழ மறைந்து வெளியுலகம் தெரிகிறது. நாடக மேடையின் மெல்லிய திரை இயங்கும் அதே நெறிதான் இது. வண்ணம் தடித்துத் துளைகளை அடைத்தால் பாத்திரத்தின் கண் ஒளிபெறும்; அணிபவரின் கண் மங்கும். வலையைச் சற்றே உட்குழிவாக அமைத்தால், காண்பவர் எப்பக்கம் நகர்ந்தாலும் பாத்திரம் அவரையே நோக்குவதாகத் தோன்றும்.

இயற்கையை ஒத்த பாணியிலோ நிலைமை வேறு. அங்குக் கண்ணாடி போன்ற திண்மையான விழிகள் பதிக்கப்படுகின்றன. அவற்றின் வழியே பார்க்க இயலாது. அணிபவர் விழியின் உள்மூலையில் விடப்பட்ட சிறு பிளவின் வழியாகவே வெளியை நோக்குகிறார். ஓநாயின் முகம் எவ்வளவுக்கு ஓநாயாகிறதோ, அவ்வளவுக்கு உள்ளிருப்பவர் பார்வையிழக்கிறார் என இதனைச் சுருக்கமாகக் கூறலாம். 'செசமி ஸ்ட்ரீட்' தொலைக்காட்சித் தொடரில் 1969 முதல் 'பிக் பேர்ட்' என்னும் பெரும் பறவையை இயக்கிய கேரல் ஸ்பின்னியும் உடையிலிருந்து நேரே வெளியைப் பார்க்க இயலாதவரே. அவர் மார்பில் கட்டிய சிறு தொலைக்காட்சித் திரையைப் பார்த்து நடித்தார். தொழில்முறை அரங்கிற்கு வாய்த்த அத்தீர்வு இல்லத்துக் கைவினைஞர்க்கு எளிதில் கிட்டுவதன்று. அவர் ஒன்றை விட்டுக்கொடுத்தே மற்றொன்றைப் பெறுகிறார்.

மூச்சும் வெப்பமும் இத்தகையனவே. உரோமமும் நுரைப்பஞ்சும் வியர்வை ஆவியாவதைத் தடுக்கின்றன. வாயைத் திறந்ததாக அமைத்துக் காற்றுவழி தருவதும், கணினிக்குள் பொருத்தப்படும் சிறு மின்விசிறியைத் தலைக்குள் வைப்பதும் வழக்கம். மாநாடுகளில் தலையைக் கழற்றி ஓய்வெடுக்கத் தனி அறை ஒதுக்கப்படுகிறது. படிகளிலும் கூட்டத்திலும் கைபற்றி நடத்த ஒரு துணைவர் உடன் செல்கிறார்.

மதிப்பீட்டில் ஒரு குறை

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உணர்ச்சி உடலில் புலப்பட்டுக் காண்பவரால் உணரப்படுவதைப் பற்றியது. நகை, அழுகை முதலாக எண்வகை மெய்ப்பாடுகளை அது வகுக்கிறது. விலங்குக்கோலத்தின் முகத்திலோ ஒரே உணர்ச்சி நிலையாகச் செதுக்கப்பட்டுள்ளது. சிரிக்கும் நரி அழும்போதும் சிரித்துக்கொண்டே இருக்கும். எனவே பிற மெய்ப்பாடுகள் தலையின் சாய்விலும் தோளின் தளர்விலும் கையசைவிலும்தான் தோன்ற வேண்டும். தலையைச் சற்றுத் தாழ்த்தினால் புருவமேட்டின் நிழல் கண்ணில் விழுந்து, அதே சிரிப்பு நாணமாகவோ வெகுளியாகவோ மாறுகிறது. நுரைப்பஞ்சில் அப்புருவத்தைச் செதுக்கியவர் இம்மாற்றத்தை முன்னரே கருதியிருந்தாரா என்பதே திறனாய்வாளர் கேட்க வேண்டிய கேள்வியாகும்.

ஆயின் இன்று இவ்வுடைகள் பெரிதும் ஒளிப்படத்தின் வழியே மதிப்பிடப்படுகின்றன. ஒளிப்படம் கண்ணின் ஒளியையும் உரோமத்தின் சீர்மையையும் காட்டும். அணிபவர் படியில் இறங்க இயலுமா, அரைமணி நேரம் ஆட இயலுமா என்பதைக் காட்டாது. விற்பனைக்குச் செய்யும் கலைஞர்களிடம் பல ஆயிரம் டாலர் கொடுத்துப் பெறப்படும் கோலங்களின் நேர்த்தியே, வீட்டில் செய்வோர்க்கும் இலக்காகிவிட்டது. அந்நேர்த்தியை எட்டாத முதல் முயற்சிகள் குறையுடையன எனத் தள்ளப்படுகின்றன.

இவ்விடத்தில் இரண்டு எளிமைப்படுத்தல்களைத் தவிர்க்க வேண்டும். விலைக்குச் செய்வோர் அனைவரும் அணிபவரை மறந்தவர் அல்லர். வாங்குபவர் அனுப்பும் ஒட்டுநாடாக் கூட்டை வைத்து அவரது அசைவையும் மூச்சையும் கருதிச் செய்வோர் உளர். அவ்வாறே, வீட்டில் செய்யப்பட்டது என்பதாலேயே ஒரு கோலம் சிறந்ததாகிவிடாது. உரோமம் தலைகீழாகச் சாய்ந்திருப்பது அன்பினால் செய்யப்பட்டதாயினும் பிழையே. நாம் வற்புறுத்துவது வேறு. செய்பவரும் அணிபவரும் ஒருவராக இருக்கும்போது, தீர்மானத்தின் விளைவு அத்தீர்மானத்தை எடுத்தவரின் உடலிலேயே வந்து விழுகிறது. வலையில் தடித்துத் தீட்டிய வண்ணத்திற்காக அவரே தடுமாறுகிறார். அடுத்த தலையில் வண்ணத்தைக் குறைக்கிறார். இவ்வறிவு முகத்தின் புறத்தோற்றத்தில் சிறிதளவே தெரியும். தலையின் உட்புறத்தில்தான் அது முழுமையாக இருக்கிறது.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து, விலங்குக்கோலத்தை மதிப்பிட மூன்று வினாக்கள் தேவைப்படுகின்றன என்பது பெறப்படுகிறது. படைத்தவர் வரைந்த பாத்திரத்திற்கு அது உண்மையாக உள்ளதா? அசையும்போது அதன் ஒற்றை முகம் பல உணர்ச்சிகளைத் தருகிறதா? உள்ளிருப்பவர் பார்க்கவும் மூச்சுவிடவும் அது இடமளிக்கிறதா? இவற்றுள் மூன்றாவதை நலவாழ்வு பற்றிய துணைக்குறிப்பாக ஒதுக்குதல் பொருந்தாது. மூச்சு முட்டுபவர் தோளை அசைப்பதில்லை. வழி தெரியாதவர் துள்ளுவதில்லை. மூன்றாம் வினாவிற்கு விடையில்லாத கோலம் இரண்டாம் வினாவிலும் தோற்கிறது.

மாணவர் செய்துவரும் கைவினைப் பொருள்களை மேசைமேல் வைத்து முன்புறத்தை மட்டும் நோக்கி மதிப்பெண் இடும் வழக்கம் நம் வகுப்பறைகளிலும் உண்டு. அவற்றைத் திருப்பிப் பார்த்து, உட்புறத்துத் தையலைத் தடவி, இதனை ஏன் இவ்வாறு அமைத்தாய் எனக் கேட்பதற்கு அதிக நேரம் வேண்டியதில்லை.