வாஷரின் எடை

நகைக்கடையிலும் எடை போட்டுத்தான் தருகிறார்கள், ஹார்டுவேர் கடையிலும் எடை போட்டுத்தான் தருகிறார்கள். போன மாதம் நூறு கிராம் அலுமினிய வாஷர் கேட்டபோது கடைக்காரர், "எந்த மெஷினுக்கு சார்?" என்றார். கழுத்துக்கு என்று சொல்ல வாய் வரவில்லை.

இந்தக் கிறுக்குக்குக் காரணம் ஆனி ஆல்பர்ஸ். ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் நெசவு கற்றவர். 1933இல் நாஜிகளின் நெருக்கடியில் பள்ளி மூடப்பட்டதும், கணவர் யோசெஃபுடன் அமெரிக்காவின் பிளாக் மவுண்டன் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். மெக்சிகோ பயணத்தில் மான்ட்டே ஆல்பன் கல்லறைப் புதையலைப் பார்த்தார். அதில் தங்கத்தோடு சிப்பியும் படிகமும் சரிசமமாக உட்கார்ந்திருந்தன. 1940 வாக்கில், மாணவர் அலெக்சாண்டர் ரீடுடன் சேர்ந்து வாஷர், ஹேர்பின், பேப்பர் கிளிப், சிங்க் சல்லடை என்று வாங்கி வந்து கழுத்தணிகள் செய்தார். 1946இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைத்தது.

இவற்றில் எனக்குப் பிடித்தது சிங்க் சல்லடைப் பதக்கம். அது தன்னைச் சல்லடை இல்லை என்று மறைத்துக்கொள்வதே இல்லை. கீழே பேப்பர் கிளிப்புகள் குஞ்சம் மாதிரி தொங்குகின்றன, அவ்வளவுதான். வாஷர் மாலையில் நெசவுக்காரியின் கண் தெரிகிறது. நமக்கு வாஷர் என்றால் உலோக வளையம். அவருக்கு அது நாடா நுழையக் காத்திருக்கும் ஓட்டை.

1971இல் ஆல்டோ சிபுல்லோ கார்ட்டியே நிறுவனத்துக்காக ஆணி வடிவக் காப்பு ஒன்றை வடிவமைத்தார். அதுவும் ஹார்டுவேர்தான், ஆனால் தங்கத்தில். ஆல்பர்ஸ் பொருளை அப்படியே விட்டு, அதைப் பார்க்கும் விதத்தை மாற்றினார். சிபுல்லோ வடிவத்தை வைத்துக்கொண்டு பொருளை மாற்றிவிட்டார். லண்டன் பங்க் இளைஞர்கள் குத்திக்கொண்ட ஊக்குக்கும் இதே கதிதான்: 1977இலேயே சாண்ட்ரா ரோட்ஸ் அதில் மணி பதித்து மேடையேற்றிவிட்டார்.

இதுவரை நான் ஆல்பர்ஸ் கட்சி. ஆனால் ஒரு இடத்தில் உறுத்துகிறது. அவர் பெர்லினின் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். தங்கம் வேண்டாம் என்று சொல்ல, முதலில் தங்கம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்க வேண்டாமா? நான் இன்ஜினியரிங் சேர்ந்தபோது அம்மாவின் நாலு வளையலும் அடகுக்கடைக்குப் போயின. மூணு திரும்பி வந்தன. வாஷரை வைத்துக்கொண்டு யாரும் ஃபீஸ் கட்டப் பணம் தரமாட்டார்கள். பொருளின் மதிப்பு வெறும் மாயை என்று என் அம்மாவிடம் எந்த அழகியலும் பேச முடியாது.

சிவப்பு நாடாவில் கோத்த மாலையை ஊருக்கு எடுத்துப்போனேன். அம்மாவின் தாலிச்சங்கிலியில் வழக்கம்போல நாலு ஊக்கு தொங்கிக்கொண்டிருந்தது. மாலையைக் கையில் வாங்கி, பழக்கதோஷத்தில் எடை பார்த்தாள்.

"கனமே இல்லையேடா."

"வாஷர்மா. நூறு கிராம்கூட இல்ல."

"தொலைஞ்சா?"

"தொலைஞ்சா தொலையட்டும்."

கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றாள். வளையலை அவள் எண்ணிப் பார்த்ததைப் பல தடவை கண்டிருக்கிறேன். ஒரு நகையை அழகுக்காகப் பார்த்து அன்றைக்குத்தான் கண்டேன். ஆல்பர்ஸுக்கு எதிரான என் வாதம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அவருடைய நகை எதற்கு என்பது இப்போது புரிகிறது.