முடிவு தெரிந்த பிறகும்

சிறுவயதில் பிடித்த புத்தகத்துக்கு நாம் கொஞ்சம் தாராளமாகவே மதிப்பெண் போடுவோம். 'பொன்னியின் செல்வ'னுக்கு அந்தச் சலுகை வேண்டாம். கல்கி அதைச் சிறுவர்களுக்காக எழுதவில்லை. பள்ளி நாட்களில் சோறு தண்ணீர் மறந்து படித்த அந்த நாவலையும், நடுவயதில் மனத்துக்கு நெருக்கமான அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' நாவலையும் ஒரே கேள்வியால் அளக்கிறேன்: முடிவு தெரிந்த பிறகு என்ன மிஞ்சுகிறது?

இரண்டுமே ஆட்சி கைமாறும் காலத்தின் கதைகள். ஒன்று பத்தாம் நூற்றாண்டுச் சோழநாடு. மற்றது 1948இல் நிஜாம் ஆட்சி முடிந்த ஹைதராபாத்.

1950 முதல் 1954 வரை வாரத் தொடராக வந்ததன் பலமும் பலவீனமும் கல்கியின் நாவலில் தெரிகின்றன. கடம்பூர் மாளிகையில் கதாநாயகன் வந்தியத்தேவன் சதியை ஒட்டுக்கேட்கும்போது முதல் முறை நெஞ்சு படபடத்தது. மறுவாசிப்பிலோ, வேண்டிய இடத்தில் வேண்டிய ஆள் எப்போதும் எப்படி வந்து நிற்கிறான் என்ற கேள்விதான் எழுகிறது. சோழ இளவரசன் அருள்மொழி மணிமுடியைத் துறக்கிறான். ஆனால் அதற்கு அவன் ஆசைப்பட்டதே இல்லை. ஆசைப்படாததை விட்டுக்கொடுப்பதில் என்ன போராட்டம்? நந்தினி மட்டும் விதிவிலக்கு. அவளுடைய அன்பையும் வஞ்சத்தையும் இன்றும் பிரித்தெடுக்க முடியவில்லை. சோழர் காலத்து உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசன் முதலியோரைக் குற்றவாளிகளாகச் சொல்லியும், அருள்மொழியின் அண்ணன் ஆதித்த கரிகாலனின் கொலையை மர்மமாகவே விட்டது கல்கியின் முதிர்ச்சி.

அசோகமித்திரனிடமும் குறை உண்டு. தன்மையிலிருந்து படர்க்கைக்கு மாறும் கதைசொல்லல் எல்லா இடத்திலும் தன்னை நியாயப்படுத்திக்கொள்வதில்லை. கிரிக்கெட், கல்லூரி, நண்பர்கள் என்று கதை அலைகிறது என்பார்கள். அந்த அலைச்சலை நான் குறையாகக் கருதவில்லை. நாவலின் நாயகன் சந்திரசேகரன் வரலாற்றைத் தேடிப் போகவில்லை. அது அவன் அன்றாடத்துக்குள் கசிந்து வருகிறது. கடைசியில், கலவரத்துக்கு அஞ்சித் தன் குடும்பத்தைக் காக்க ஒரு முஸ்லிம் சிறுமி ஆடை களைந்து அவன்முன் நிற்கிறாள். அவன் ஓடுகிறான். யாரையும் தாக்காத அவனும், அவள் கண்ணில் வென்ற தரப்பின் ஆள். எத்தனை முறை படித்தாலும் அந்தக் குற்றவுணர்வு தணிவதில்லை.

கதை சொல்லும் சாமர்த்தியத்தில் கல்கியே மேல். ஆனால் நாவலாக '18வது அட்சக்கோடு'தான் பெரிய படைப்பு. ஆட்சி மாற்றத்தின் விலையை, அதில் பங்கே கேட்காதவனையும் கட்டவைக்கிறது அது.